கோலாலம்பூரில் கையெழுத்தான ஒப்பந்தம், கோலாலம்பூருக்கே புகை

செந்தூல் சைக்கிள் | திங்கள், காலை 7:12

சன்னலைத் திறந்ததுமே மூக்கில் ஏறிவிட்டது அந்த வாடை. நனைந்த தேங்காய் மட்டையைக் கொளுத்தினால் வருமே, அது. எங்கள் பதினோராவது மாடியிலிருந்து இரட்டைக் கோபுரம் பளிச்சென்று தெரியும். இன்று எதிர் பிளாக்கில் காயப்போட்ட துணிகூட மங்கல்தான். ஐபியு, அதாவது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு பார்த்தேன், மூன்றிலக்கம். சின்னவனுக்கு இளைப்பு இருக்கிறது. திடல் விளையாட்டை நிறுத்திவிட்டோம் என்று பள்ளியிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. வகுப்பறைச் சன்னலை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. ஏர்கோன் இல்லாத தமிழ்ப்பள்ளி. சாத்தினால் வேகும், திறந்தால் புகை.

என் கேள்வி இதுதான். 2002 ஜூன் 10-ல் தென்கிழக்காசியாவின் அப்போதைய ஆசியான் நாடுகள் பத்தும் எல்லை தாண்டும் புகைமூட்டத்துக்கு எதிராக ஒப்பந்தம் போட்டன. கையெழுத்தானது நம்ம கோலாலம்பூரில். அப்போது நான் ஐந்தாம் படிவம். கட்டுரைப் போட்டியில் இதைத்தான் எழுதினேன். 'இனி நம் வானம் தெளியும்' என்று முடித்துப் பரிசாக ஒரு அகராதி வாங்கினேன். அகராதி இன்னும் அலமாரியில் இருக்கிறது. இந்தோனேசியாவிலிருந்து வரும் புகையும் இருக்கிறது. நடுவில் என்னதான் நடந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்ட மட்டும் வருகிறவர்களுக்குப் பக்கத்து இழை காலியாக இருக்கிறது.

மூக்கடைப்பு | திங்கள், காலை 7:31

அகராதியில் 'ஒப்பந்தம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் போட்டிருக்கிறது, பாஸ்?

வக்கீல் குமாஸ்தா | திங்கள், காலை 9:05

அலுவலகத்தில் கோப்பு வராத நேரம், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒப்பந்தம் 2003 நவம்பர் 25-ல் நடைமுறைக்கு வந்தது. மலேசியா, சிங்கப்பூரெல்லாம் சீக்கிரமே ஏற்புறுதி கொடுத்துவிட்டன. இந்தோனேசிய நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது 2014 செப்டம்பரில். கையெழுத்துக்கும் அதற்கும் நடுவில் பன்னிரண்டு வருஷம். பெண் பார்த்துத் தட்டு மாற்றிவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு வருஷம் தேதி குறிக்காமல் இருந்த மாதிரி.

சரி, ஏற்றுக்கொண்ட பிறகாவது? அங்கேதான் சங்கதி. நான் முழு வாசகத்தையும் படித்தவன். கண்காணிக்க வேண்டும், தகவல் கொடுக்க வேண்டும், தீ வராமல் தடுக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. செய்யாவிட்டால் என்ன என்று இல்லை. அபராதம் கிடையாது, நீதிமன்றம் கிடையாது. தகராறு வந்தால் கலந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அண்டை வீடு பற்றி எரிந்தாலும் அந்த வீட்டுக்காரர் கேட்டால் அல்லது சம்மதித்தால்தான் நாம் தண்ணீர் வாளியோடு உள்ளே போகலாம். ஒருவர் உள்நாட்டு விவகாரத்தில் மற்றவர் தலையிடுவதில்லை என்பது ஆசியானின் பழைய வழக்கம். புகைக்கு மட்டும் அந்த வழக்கம் தெரியவில்லை.

செந்தூல் சைக்கிள் | திங்கள், காலை 9:20

நன்றி குமாஸ்தா. அப்படியானால் சிங்கப்பூர் மட்டும் தனியாகச் சட்டம் போட்டதே, அது?

வக்கீல் குமாஸ்தா | திங்கள், காலை 9:48

2014-ல் போட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம் ஜூனில் அங்கே குறியீடு 401 வரை போனது, நம் பக்கம் மூவாரில் 746. மூவாரிலும் லேடாங்கிலும் அவசர நிலை. அந்தச் சூட்டில் வந்த சட்டம். உலகத்தில் எங்கே தீ வைத்தாலும் சரி, புகை சிங்கப்பூருக்கு வந்தால் அந்த நிறுவனத்தைப் பிடிக்கலாம். நாளுக்கு ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளி, அதிகபட்சம் இருபது லட்சம். அந்த நிலத்தின் வரைபடத்தில் உன் பெயர் இருந்தால் நீதான் கொளுத்தினாய் என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும், இல்லையென்று நிரூபிப்பது உன் வேலை. எழுத்தில் நல்ல பல்லுள்ள சட்டம்.

கடிப்பதுதான் கஷ்டம். 2015-ல் சில நிறுவனங்களுக்கு விளக்கம் கேட்டுத் தாக்கீது அனுப்பினார்கள். விசாரணைக்கு வராத இந்தோனேசிய இயக்குநர் ஒருவர் மேல் 2016-ல் வாரண்டு வாங்கினார்கள். ஜகார்த்தா கொதித்துவிட்டது. கடிப்பது ஏன் கஷ்டம் என்றால் சாட்சி, நிலப் பத்திரம், எரிந்த மண் எல்லாம் அந்தப் பக்கம். நீதிமன்றம் இந்தப் பக்கம்.

மலேசியாவில் அந்த மாதிரிச் சட்டம் வேண்டும் என்று 2019-ல் பெரிய பேச்சு. அடுத்த வருஷம் ஆட்சி மாறியது, கிடப்பில் போட்டார்கள்.

ரப்பர் செருப்பு | திங்கள், காலை 10:15

இதெல்லாம் எதுக்கு அண்ணே. [நடத்துநரால் நீக்கப்பட்டது] அவனுங்க நாட்டுல கொளுத்திட்டு நம்ம புள்ளைங்க மூச்சு திணறணுமா?

நடத்துநர் | திங்கள், காலை 10:22

ஒரு நாட்டு மக்களை மொத்தமாக இழிவாகச் சொல்லும் சொல்லை நீக்கியிருக்கிறேன். கருத்து அப்படியே இருக்கட்டும். இன்னொரு முறை என்றால் ஒரு வாரத் தடை.

கொடிமலை நிழல் | திங்கள், காலை 11:02

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன். ஆயர் ஈத்தாம் பக்கம் வீடு. நான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டதே வாசலில் நின்றால் கொடிமலை தெரியும் என்பதால்தான். நான்கு நாளாக மலையைக் காணோம்.

தம்பி ரப்பர் செருப்புக்கு ஒரு வார்த்தை. புகையை நமக்கு முன்னால், நம்மைவிடப் பல மடங்கு அதிகமாக விழுங்குகிறவர்கள் அங்கே இருப்பவர்கள்தான். 2015-ல் மத்தியக் கலிமந்தானின் பாலாங்கராயாவில் குறியீடு 2,000-ஐத் தாண்டியது. நமக்கு 300 தாண்டினாலே 'அபாயகரம்'. அந்த ஊர் மக்கள் தங்கள் அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். 2019-ல் இந்தோனேசிய உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயித்தார்கள். 2022-ல் மறுஆய்வில் அது தலைகீழானது என்பது வேறு கதை. வழக்குப் போடுவதற்கு நம் ஊரில் எத்தனை பேர் போனோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, நமக்கும் இதில் பழைய வெட்கம் ஒன்று உண்டு. 1997 செப்டம்பரில் கூச்சிங்கில் குறியீடு 839. சரவாக்கில் பத்து நாள் அவசர நிலை. இந்தோனேசியாவின் மேடானுக்குப் பக்கத்தில் விமானம் விழுந்து 234 பேர் இறந்ததும் அந்தப் புகைமூட்டத்துக்கு நடுவில்தான். நம் தீயணைப்பு வீரர்கள் ஆயிரம் பேருக்கு மேல் இந்தோனேசியாவுக்குப் போய் வேலை செய்தார்கள். அதைப் பெருமையாகவே சொல்லலாம். ஆனால் அதற்குப் பிறகு நம் அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? சுற்றுப்பயணிகள் பயந்துவிடுவார்கள் என்று 1999-லிருந்து குறியீட்டு எண்ணையே வெளியிடாமல் ரகசியமாக்கியது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் 500-ஐத் தாண்டி அவசர நிலை வந்தபோதுதான் எண் மறுபடி வெளியே வந்தது. ஆறு வருஷம் என் மாணவர்களுக்கு 'இன்று காற்று எப்படி' என்று கொடிமலையைப் பார்த்துத்தான் சொன்னேன். மலையின் மரம் தெரிந்தால் நலம், கோடு மட்டும் தெரிந்தால் சுமார், மலையே இல்லையென்றால் திடலுக்குப் போகாதே.

மூக்கடைப்பு | திங்கள், காலை 11:10

ஐயா, உங்கள் மலைதான் நாட்டின் முதல் கண்காணிப்பு நிலையம் போல. அப்போது அதை ரகசியச் சட்டத்தில் அடைக்க முடியவில்லை பாருங்கள்.

மண்டோர் பேத்தி | திங்கள், பிற்பகல் 1:40

வேலை இடைவேளையில் எழுதுகிறேன். நான் தாதி, கிள்ளான் பக்கம். இந்த வாரம் நெபுலைசர் போட வரிசை வாசல் வரை நிற்கிறது. பாதிப் பேர் ஐந்து வயசுக்குக் கீழ், மீதிப் பாதி அறுபதுக்கு மேல்.

எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கமே பார்க்கிறீர்கள். என் வீட்டிலிருந்து ஜோஹான் செத்தியா எவ்வளவு தூரம் தெரியுமா? மோட்டாரில் பதினைந்து நிமிஷம். அதுவும் கம்பூட் மண்தான், கரி மாதிரி கறுத்த சதுப்பு நிலம். வருஷா வருஷம் அங்கே எரிகிறது. போன தடவை என் தம்பி தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கப் போனான், நானும் இழுத்துக்கொண்டு வரப் போனேன். நெருப்பே தெரியவில்லை. வெறும் மண், அங்கங்கே வெடிப்பு, வெடிப்பிலிருந்து வெள்ளையாகப் புகை. பத்து நிமிஷம் நின்றிருப்போம். ஜப்பான் சிலிப்பரின் அடி இளகி மண்ணில் ஒட்டிக்கொண்டது. அந்த அண்ணன்மார் தண்ணீர்க் குழாயை மேலே பீய்ச்சவில்லை, மண்ணுக்குள் சொருகிப் பிடித்தார்கள். இங்கே அணைத்தால் நாலு அடி தள்ளி அடுத்த வெடிப்பில் புகை.

திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று 1974 சுற்றுச்சூழல் சட்டத்தில் 29ஏ பிரிவு இருக்கிறது. அது நம் சட்டம், நம் நிலம், நம் போலீஸ். கடல் தாண்டவே வேண்டாம்.

செந்தூல் சைக்கிள் | திங்கள், பிற்பகல் 2:05

அக்கா, அது சரி. ஆனால் ஜோஹான் செத்தியாப் புகையால் சிங்கப்பூர் முதல் பினாங்கு வரை மறைந்துவிடாது இல்லையா? அளவு வேறு. 2015-ல் இந்தோனேசியாவில் எரிந்தது 26 லட்சம் ஹெக்டர். உலக வங்கி போட்ட கணக்கில் அந்த நாட்டுக்கே 1,600 கோடி அமெரிக்க டாலர் நஷ்டம்.

மண்டோர் பேத்தி | திங்கள், பிற்பகல் 2:11

அளவு வேறுதான். தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே வைத்த நெருப்பு இங்கேதான் வரும், மறுக்கவில்லை. என் வாயிலிருந்து ஒரு பெயர் வரவேண்டும் என்று காத்திருக்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன்: செம்பனை, பாமாயில் தரும் மரம். அங்கே தோட்டம் போட்டிருக்கிறவர்களில் மலேசியாக்காரர்களும் இருக்கிறார்கள். 2019-ல் இந்தோனேசிய அரசு சீல் வைத்த நிலங்களில் மலேசியக் கம்பெனிகளின் துணை நிறுவனங்களும் இருந்தன. புகை இறக்குமதி, லாபமும் இறக்குமதி.

லாலான் | திங்கள், இரவு 9:37

மூன்று வருஷமா இந்தத் தளத்தைப் படிக்கிறேன், இதுதான் முதல் பதிவு. வேறு வழியில்லாம எழுதுறேன். நான் பேரா மாநிலத்துத் தோட்டத்துப் பையன். இப்ப இந்தோனேசியாவுல ரியாவ் மாநிலத்துல ஒரு செம்பனைத் தோட்டத்துல உதவி நிர்வாகி. கம்பெனி பேர் கேக்காதீங்க, வேலை போயிடும்.

அக்கா சொன்ன சிலிப்பர் கதையைப் படிச்சப்ப சிரிப்பு வந்துச்சு, அப்புறம் வரல. இங்க கம்பூட் ஆழம் சில இடத்துல ஏழெட்டு மீட்டர். மண்ணுன்னு சொல்றோம், அது மண்ணே இல்ல. ஆயிரக்கணக்கான வருஷமா தண்ணிக்குள்ள மக்காம கிடக்கிற இலை, வேர், கட்டை. ஈரமா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. காய்ஞ்சா விறகு. நாம நிக்கிறதே விறகுக் கட்டு மேலதான்.

போன மாசம் ஒரு ராத்திரி. எங்க எல்லைக்கு அந்தப் பக்கம் யாரோட நிலம்னே தெரியாத ஒரு புதர்க்காடு. அங்க ஆரம்பிச்சு வாய்க்காலைத் தாண்டி எங்க பக்கம் வந்துச்சு. நாலு நாள். கண்ணு எரிச்சல்ல ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியல. பத்து வருஷ மரம் நெருப்பே படாம நிக்கும், கீழ வேர் வெந்திருக்கும், சத்தமே இல்லாம சாயும். எங்க ஆளுங்க அந்தச் சாயற மரத்துக்குத்தான் பயந்தாங்க, நெருப்புக்கு இல்ல. அணைச்சு முடிச்ச மறுநாள் அதிகாரிங்க வந்து எங்க நிலத்துல மஞ்சள் நாடா கட்டிட்டுப் போனாங்க. என்னை ஆறு மணி நேரம் உக்கார வச்சு விசாரிச்சாங்க. கொளுத்தினவன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

தோட்டம்னா எல்லாரும் கொளுத்தறவங்கன்னு நினைக்காதீங்க. 1990-கள்லயே நம்ம பக்கம் பெரிய தோட்டங்க பழைய மரத்தைச் சாய்ச்சு, சீவி, வரிசையா அடுக்கி மக்க விட ஆரம்பிச்சாச்சு. ஆசியானே 1999-ல அதைக் கொள்கையா எடுத்துக்கிச்சு. நெருப்பு வைக்கிறது யாருக்கு லாபம்னா, எக்ஸ்கவேட்டர் வாடகை கொடுக்க முடியாதவனுக்கு. ஒரு தீப்பெட்டி போதும். அதோட இந்த மண்ணு புளிப்பு, சாம்பல் விழுந்தா புளிப்பு குறையும், முதல் வருஷ உரச் செலவு மிச்சம். இந்த நாட்டுச் சட்டத்துலயே சின்ன விவசாயி வழக்கப்படி இரண்டு ஹெக்டர் வரைக்கும் கொளுத்திக்க இடம் இருக்கு.

மண்டோர் பேத்தி | திங்கள், இரவு 10:02

தம்பி, உடம்பு முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே எடுத்தீர்களா?

கேட்டே ஆகவேண்டிய ஒன்று. என் தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. மறுநடவு காலத்தில் வாரக்கணக்கில் எரியுமாம், அம்மா சொல்வார். துணி துவைத்தால் சாம்பல் வாசம் போகாதாம். அது மேட்டு நிலம், எரிந்தது, அணைந்தது. நீங்கள் இருப்பது சதுப்பு. அந்தச் சதுப்பைக் காய வைத்தது தீப்பெட்டிக்காரனா? வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இறக்கியது யார்?

லாலான் | திங்கள், இரவு 10:30

நாங்கதான்.

செம்பனைக்கு வேர் தண்ணியில ஊறக் கூடாது. அதனால பாரிட் வெட்டி இறக்குவோம். நம்ம எல்லைக்குள்ள தண்ணி இறங்கினா பக்கத்து நிலத்துலயும் இறங்கும், தண்ணிக்கு வேலி தெரியாது. இங்க விதி இருக்கு, நிலத்தடித் தண்ணி மேல்மட்டத்துலேர்ந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழ போகக் கூடாது. தோட்டத்துக்குள்ள குழாய் இறக்கி, அதுக்குள்ள அளவு குச்சி விட்டிருக்கோம். பாரிட்டுக்குக் குறுக்கே பலகையும் மண் மூட்டையும் வச்சுத் தடுப்பு கட்டியிருக்கோம். மழைக் காலத்துல 30-ல நிக்கும். இப்ப மாதிரிக் காய்ச்சல்ல எவ்வளவு தடுத்தாலும் இறங்கிடுது.

இன்னிக்குக் காலைல குச்சி: 68.

கொடிமலை நிழல் | செவ்வாய், காலை 6:50

லாலான் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்தியும் 'நாங்கதான்' என்று இவ்வளவு சுருக்கமாக ஒரு விடை எனக்குக் கிடைத்ததில்லை.

இதில் பெரிய பாவம் செய்தது தோட்டம் மட்டும் என்றும் சொல்ல முடியாது. 1990-களின் நடுவில் இந்தோனேசியாவின் சுகார்த்தோ அரசு மத்தியக் கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்கப் போகிறேன் என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டியது. நெல் விளையவில்லை. வாய்க்கால் மட்டும் நின்றுவிட்டது, காடு காய்ந்தது. 1997-ல் எரிந்ததில் அதற்கும் பங்கு உண்டு. வறட்சி கொண்டுவரும் ஒவ்வொரு எல் நினோ வருஷமும் அந்தக் காயம்தான் திறக்கிறது. 2016-ல் சதுப்பு நிலத்தை மீட்க அங்கே தனி அமைப்பே வைத்தார்கள். வாய்க்காலை அடைப்பது, ஆழ்துளைக் கிணறு போடுவது, மண்ணை மறுபடி நனைப்பது. என்னைக் கேட்டால் உருப்படியான காரியம் அதுதான், மற்றதெல்லாம் மேடைப் பேச்சு.

சைக்கிள் தம்பியின் கேள்வியோடு சேர்த்து இன்னொன்றும் கேட்கலாம். எல்லை தாண்டும் புகைக்கு அண்டை நாடுகள் ஒத்துழைத்துத் தீர்வு கண்டதே இல்லையா என்றால், உண்டு. கனடாவில் ட்ரெயில் என்று ஒரு ஊர். அங்கே உலோகம் உருக்கும் ஆலையின் கந்தகப் புகை எல்லை தாண்டி அமெரிக்க விவசாயிகளின் பயிரைக் கருக்கியது. நடுவர் மன்றம் அமைத்தார்கள். 1938-லும் 1941-லும் தீர்ப்பு. 78,000 டாலர் நஷ்டஈடு, அதோடு 'உன் மண்ணிலிருந்து கிளம்பும் புகையால் அடுத்தவன் மண்ணைக் கெடுக்க உனக்கு உரிமை இல்லை' என்ற கொள்கை. உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரியில் இன்றும் அதைத்தான் படிக்கிறார்கள். ஐரோப்பாவில் 1979-ல் ஜெனீவாவில் உடன்பாடு. நார்வே, சுவீடன் ஏரிகளில் மீன் செத்தது அடுத்த நாடுகளின் ஆலைப் புகையால் பெய்த அமில மழையில். எந்த நாட்டுக் கந்தகம் எந்த நாட்டில் எவ்வளவு விழுகிறது என்று முதலில் எல்லாரும் சேர்ந்து அளந்தார்கள். 1985-ல் ஆளுக்கு முப்பது விழுக்காடு குறைப்பது என்று கையெழுத்துப் போட்டார்கள். குறைந்தது.

வக்கீல் குமாஸ்தா | செவ்வாய், காலை 8:15

ஐயா சொன்னதில்தான் வித்தியாசமும் இருக்கிறது. ட்ரெயிலில் ஒரே ஒரு புகைபோக்கி. அண்ணாந்து பார்த்தால் தெரியும், முதலாளி பெயர் வாசல் பலகையில் இருக்கும். ஐரோப்பாவிலும் ஆலைகள். இங்கே ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன நெருப்பு. சிங்கப்பூரில் இருக்கும் ஆசியான் வானிலை மையம் செயற்கைக்கோள் படத்தில் நெருப்புப் புள்ளி ஒவ்வொன்றையும் காட்டிவிடும். அந்தப் புள்ளி யாருடைய நிலம் என்று வானத்திலிருந்து தெரியாது.

2013 அக்டோபரில் புருணை மாநாட்டில் ஐந்து நாடுகள் சேர்ந்து ஒரு கண்காணிப்பு முறைக்கு ஒப்புக்கொண்டன. நெருப்புப் புள்ளியையும் நில உரிம வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது. அருமையான யோசனை. வரைபடத்தைக் கொடு என்றதும் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். இந்தோனேசியா தரவில்லை. நாமும் மார்தட்ட முடியாது, இங்கே நிலம் மாநில அரசாங்கங்களின் கையில், அவர்களும் லேசில் வெளியே விடுவதில்லை. லாலான் அண்ணே எழுதிய 'யாரோட நிலம்னே தெரியாத புதர்க்காடு' இருக்கிறதே, இருபது வருஷ ஒப்பந்தத்தின் ஓட்டை முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஒப்பந்தத்திலேயே சொல்லியிருந்த ஒருங்கிணைப்பு மையத்தை அமைக்க 2023-ல்தான் கையெழுத்தானது. '2020-க்குள் புகையில்லா ஆசியான்' என்று ஒரு திட்டமும் இருந்தது. 2019-ல் ஒரே நாளில் மலேசியாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன, பதினேழு லட்சம் பிள்ளைகள் வீட்டில். இதற்கு மேல் அந்தத் திட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ரப்பர் செருப்பு | செவ்வாய், காலை 8:40

நேத்து சூடா எழுதிட்டேன், மன்னிச்சிடுங்க. என் மகளுக்கும் இளைப்பு. ஆனா ஒண்ணு மறக்க முடியாது. 2015-ல அவங்க துணை அதிபர் யூசுப் கல்லா சொன்னாரு, பதினோரு மாசம் எங்க காட்டோட நல்ல காத்தை வாங்கிக்கிட்டு நன்றி சொல்லல, ஒரு மாசப் புகைக்குக் கத்துறீங்கன்னு. அதைக் கேட்டா யாருக்குத்தான் கோவம் வராது?

கொடிமலை நிழல் | செவ்வாய், காலை 9:10

வரும்தான். 2013-ல் அதிபர் யூதோயோனோ மலேசியாவிடமும் சிங்கப்பூரிடமும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். அதற்காக அங்கே அவரைத் திட்டியவர்களும் உண்டு.

செந்தூல் சைக்கிள் | செவ்வாய், பிற்பகல் 12:30

ஒன்று புரிகிறது. நாடும் நாடும் பேசுவது இப்படித்தான் இருக்கும் போல. ஊரும் ஊரும் பேசினால்? ஏதாவது முன்மாதிரி உண்டா?

வக்கீல் குமாஸ்தா | செவ்வாய், பிற்பகல் 1:15

இருந்தது. 2007 வாக்கில் சிங்கப்பூர், இந்தோனேசியாவின் ஜாம்பி மாநிலத்தில் முவாரோ ஜாம்பி என்ற ஒரே மாவட்டத்தை எடுத்துக்கொண்டது. அங்குள்ள அதிகாரிகளுக்குச் செயற்கைக்கோள் படம் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், விவசாயிகளுக்கு எரிக்காமல் நிலம் திருத்தவும் மீன் வளர்க்கவும் பயிற்சி. அதைப் பார்த்து மலேசியாவும் ரியாவில் ரோக்கான் ஹிலிரில் அதே மாதிரி ஒன்று செய்தது. சிறிய வேலை, ஆனால் மண்ணில் கால் வைத்துச் செய்த வேலை. சில வருஷத்தில் காலக்கெடு முடிந்தது, அடுத்த பெரிய புகை வந்தது, மறுபடி எல்லாரும் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார்கள். 2015-ல் நாம் அனுப்பிய தண்ணீர் விமானத்தைப் பற்றி எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்தது. ரோக்கான் ஹிலிர் பற்றி எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

லாலான் | செவ்வாய், இரவு 8:55

அந்த விமானம் ஒரு தடவைக்கு ஆறாயிரம் லிட்டர் ஊத்தும். மேல எரியற நெருப்புக்கு நல்லது, வந்தப்ப ஜனங்க கையெடுத்துக் கும்பிட்டாங்கன்னு இங்க உள்ள பழைய ஆளுங்க சொல்வாங்க. கம்பூட்டுக்குள்ள இருக்கிற நெருப்பு குடிச்சிட்டு ஏப்பம் விடும்.

எங்க தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்போங்ல, அதாவது கிராமத்துல, தீத்தடுப்புத் தொண்டர் குழு இருக்கு. பன்னிரண்டு பேர், ஒரு பம்பு. பம்புக்குக் குழாய் 200 மீட்டர்தான். நெருப்பு 300 மீட்டர்ல இருந்தா நின்னு பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். எங்க கம்பெனிகிட்ட இன்னும் நூறு மீட்டர் குழாய் கேட்டு எழுதினேன். எட்டு மாசம் ஆச்சு, 'பரிசீலனையில்'.

குச்சி: 70.

மூக்கடைப்பு | செவ்வாய், இரவு 9:20

ஆசியானும் பரிசீலனை, கம்பெனியும் பரிசீலனை. அந்த நூறு மீட்டர் குழாய் என்ன விலை அண்ணே? கிண்டல் இல்லை, நிஜமாகக் கேட்கிறேன்.

மண்டோர் பேத்தி | செவ்வாய், இரவு 11:05

நடுவில் உடம்பு விஷயம், ஏனென்றால் தனிச்செய்தியில் நிறையப் பேர் கேட்கிறீர்கள். நீல நிற அறுவைசிகிச்சை முகக்கவசம் இதற்குப் போதாது, என்95 வேண்டும், மூக்குப் பக்கம் இடைவெளி இருந்தால் அதுவும் வீண். ஐபியு 2018 ஆகஸ்டுக்கு முன்னால் தூசித் துகளில் பி.எம். 10 என்ற பெரிய துகளைத்தான் கணக்கில் எடுத்தது, இப்போது பி.எம். 2.5 என்ற மிக நுண்ணிய துகளும் சேர்ந்திருக்கிறது. அதனால் பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒப்பிட்டு 'அப்போதைவிட மோசம்' என்று சண்டை போடாதீர்கள். 100 தாண்டினால் பிள்ளைகளை வெளியே ஓட விடாதீர்கள், 200 என்றால் பள்ளியையே மூட வேண்டும். சாம்பிராணி போட்டுப் புகையை விரட்டலாம் என்று ஒரு பாட்டி இன்று சொன்னார். வேண்டாம் பாட்டி.

சைக்கிள் தம்பி, உங்கள் சின்னவனுக்குத் தடுப்பு இன்ஹேலர் தினமும் தருகிறீர்களா, இளைப்பு வந்தால் மட்டுமா? மருத்துவரைக் கேட்டு வையுங்கள்.

செந்தூல் சைக்கிள் | புதன், காலை 7:05

வந்தால் மட்டும்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன் அக்கா. இன்றே கேட்கிறேன்.

பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நேற்று இரவு கூடியது. நூலகத்துக்கு மட்டும் இரண்டு காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கி, இளைப்பு உள்ள பிள்ளைகளை அங்கே உட்கார வைப்பது என்று முடிவு. பதினான்கு பிள்ளைகள். இத்தனை பேர் என்று நேற்றுவரை எனக்குத் தெரியாது. செந்தூல், ஐபியு 143.

லாலான் | புதன், இரவு 9:12

மேகம் கட்டியிருக்கு. பெய்யல. குச்சி: 71.

மூக்கடைப்பு அண்ணே, விலை தனிச்செய்தியில அனுப்பிட்டேன். கம்போங் தலைவர்கிட்ட கேட்டேன், வெளியாள் கொடுத்தா வாங்கிக்குவாங்களாம், ஆனா ரசீது வேணுமாம்.

கொடிமலை நிழல் | வியாழன், காலை 6:40

மலையின் கோடு மட்டும் தெரிகிறது.

குழாய்க்கு என் பங்கு ஐம்பது ரிங்கிட். யாரிடம் கொடுப்பது?

நடத்துநர் | வியாழன், காலை 8:00

தளத்தின் வழியாகப் பணம் திரட்ட அனுமதி இல்லை. தனிப்பட்ட முறையில் பேசிக்கொள்ளுங்கள். நானும் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

செந்தூல் சைக்கிள் | வெள்ளி, காலை 7:20

செந்தூல் 128. லாலான் அண்ணே, குச்சி எண்ணைத் தினமும் போடுங்கள். இங்கே நானும் போடுகிறேன்.

லாலான் | வெள்ளி, இரவு 10:48

சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு மணி நேரம் பெஞ்சுது. மேல ஈரம், கீழ இன்னும் புகையுது. மூணாவது தடுப்புல ஒரு பலகை உடைஞ்சு தண்ணி ஓடிக்கிட்டிருந்துச்சு, இப்பதான் மூட்டை போட்டு அடைச்சிட்டு வந்தோம். கையெல்லாம் கறுப்பு.

குச்சி: 66.